பெட்ரோல் வாசம் வருதா?

என் காருக்கு வருடத்தில் பாதிக்கு மேல் லீவு. மே மாதம் மழை பிடித்ததும் உள்ளே போனால், தை பிறக்கும்போதுதான் வெளியே வரும். கவர்ன்மெண்ட் உத்தியோகத்தில்கூட இப்படியொரு லீவு கிடையாது என்பாள் என் மனைவி. புளத்கொகுபிட்டியவிலிருந்து மேலே ஏறுகிற தோட்டத்து ரோட்டை மழைக்காலத்தில் பார்த்தவர்கள் அந்தக் காரைக் குறை சொல்ல மாட்டார்கள். தண்ணீர் ஓடி ஓடி ரோட்டின் நடுவில் வாய்க்கால் விழுந்திருக்கும். லொறிக்கே நாக்குத் தள்ளும். என்னுடையதோ தரையோடு தரையாகப் படுத்திருக்கிற பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட், துணிக்கூரை, கரும்பச்சை நிறம். லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் அதற்குத் தவளை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மழைக்குப் பயந்து ஒளிகிற தவளை உலகத்திலேயே அது ஒன்றுதான்.

தோட்டத்தில் மேனேஜராக இருந்த ஒரு துரை மாற்றலாகிப் போகும்போது பங்களா ஷெட்டில் விட்டுப் போன கார் அது. சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. நான் கேட்டதும், எடுத்துக்கொண்டு போ, ஷெட்டாவது சுத்தமாகட்டும் என்றார். அதை ஓட வைக்க எனக்குப் பல வருடம் பிடித்தது. அந்தக் கதையை விவரமாகச் சொன்னால் வீட்டில் சண்டை வரும். அதனால் விடுகிறேன்.

மாதக்கணக்கில் நின்ற காரைக் கிளப்புவதற்கு முன்னால் எல்லாரும் பேட்டரியைப் பார்ப்பார்கள், டயரைப் பார்ப்பார்கள். நான் முதலில் பார்ப்பது பெட்ரோல் போகிற ரப்பர் ஹோஸ்களை. பேட்டரி செத்தால் கார் ஓடாது, அவ்வளவுதான். ஹோஸ் வெடித்தால் சூடான என்ஜின் மேல் பெட்ரோல் சொட்டும். அதற்குப் பிறகு பார்ப்பதற்குக் கார் இருக்காது. ரப்பர் என்பது சும்மா கிடந்தால் கெட்டுப்போகிற சாமான். பெட்ரோல் ஓடிக்கொண்டிருக்கும்வரை பதமாக இருக்கும். நின்றுவிட்டால் காயும், விறைக்கும், கிளிப் இறுக்கிய ஓரத்தில் மயிரிழைபோல வெடிக்கும். ரப்பரோடேயே காலம் தள்ளியவன் நான். ஒரு ஹோஸை விரலால் அமுக்கி லேசாக வளைத்தால் அதன் ஆயுசைச் சொல்லிவிடுவேன். அப்பம் மாதிரி மெத்தென்று இருந்தாலும் தப்பு, விறகு மாதிரி இருந்தாலும் தப்பு.

ஆனால் என் கைக்கும் கண்ணுக்கும் எட்டாத ஹோஸ் ஒன்று அந்தக் காரில் உண்டு. பெட்ரோல் பம்ப் பின்பக்கம், டேங்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. பம்பிலிருந்து முன்னால் போகிற குழாயோடு இணைக்கிற சாண் நீள ஹோஸ், ஓர் இரும்புத் தட்டுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டிருக்கிறது. மேலே நூல் பின்னல் வேறு. உள்ளே வெடித்திருந்தாலும் வெளியே நல்ல பிள்ளையாகத் தெரியும். அதைக் கழற்றாமல் சோதிக்க வேண்டுமென்றால் மூக்குத்தான் வேண்டும். அது என்னிடம் இல்லை.

ரப்பர் பெக்டரியில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். ரப்பர் பால் உறையாமலிருக்க அமோனியா, உறைய வேண்டிய நேரத்தில் ஆசிட், ஷீட் காய்வதற்குப் புகை. மூன்றும் சேர்ந்து என் மூக்கைத் தின்றுவிட்டன. ரிட்டையரானபோது மாலை போட்டுக் கடிகாரம் கொடுத்தார்கள். மூக்கை யாரும் திருப்பித் தரவில்லை.

என் மனைவியின் மூக்கு எங்கள் தோட்டத்து டிவிஷனிலேயே பேர் போனது. பக்கத்து வீட்டில் பால் அடிப்பிடிப்பதை இங்கிருந்தே குரல் கொடுத்துச் சொல்வாள். கருவாட்டை முகர்ந்து எந்தக் கடையில் வாங்கினேன் என்று கண்டுபிடிப்பாள். நான் ஊருக்குப் போய்வந்து சட்டையைக் கழற்றினால் எங்கெங்கே நின்றேன் என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். அதனால் காரைப் பொறுத்தவரை எங்களுக்குள் ஒரு வேலைப் பங்கீடு இருந்தது. தொட்டுப் பார்ப்பது நான், மோந்து பார்ப்பது அவள். நான் சாவியை ஒரு திருப்புத் திருப்புவேன். என்ஜின் கிளம்பாது, பம்ப் மட்டும் டிக் டிக்கென்று அடிக்கும். அவள் பின்பக்கம் குனிந்து நிற்பாள். வாசம் வருதா என்று கேட்பேன். இல்லை என்பாள். அதன் பிறகுதான் காரைக் கிளப்புவேன்.

இந்த வருடம் அந்த ‘இல்லை’ எனக்கு வழக்கத்தைவிட அதிகமாகத் தேவைப்பட்டது. எங்கள் ஒரே மகளுக்குத் தை கடைசியில் கல்யாணம். அவள் கொழும்பில் வேலை பார்க்கிறாள். பெண்ணைக் கோயிலுக்கு அழைத்துப் போக நல்ல வான் ஒன்று பேசி வைத்திருந்தேன். அவள் போனிலேயே அடம் பிடித்தாள். வானில் ஏறினால் அத்தை, சித்தி, அவர்களுடைய பிள்ளைகள் என்று பதினைந்து பேர் ஏறுவார்களாம். தவளையில் இரண்டே சீட். அப்பாவும் அவளும் மட்டும். வேறொரு வீட்டுக்குப் போவதற்கு முன்னால் அவளுக்கு அந்தக் கொஞ்ச நேரம் வேண்டுமாம்.

சந்தோசத்தில் அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த நாள் பயத்தில் வரவில்லை. பட்டுச் சேலை கட்டிய பிள்ளையைப் பெட்ரோல் டேங்குக்கு முன்னால் உட்கார வைக்கப்போகிறேன். போதாததற்கு, எங்கள் வழக்கப்படி புறப்படுமுன் காருக்கு முன்னால் கற்பூரம் கொளுத்துவோம். ஒரு சொட்டு ஒழுகினாலும் என் பிள்ளை போய்விடும்.

பொங்கல் முடிந்த கையோடு வேலையைத் தொடங்கினேன். கார் நிற்பது முன்பு ரப்பர் ஷீட் அடுக்கிவைத்த ஸ்டோரில். முன்பக்கத்து ஹோஸ்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தேன். ஒன்று கிளிப் ஓரத்தில் வெடித்திருந்தது. கையிருப்பில் இருந்ததைப் போட்டேன். பிறகு மனைவியைக் கூப்பிட்டுப் பின்னால் நிறுத்திவிட்டுச் சாவியைத் திருப்பினேன். பம்ப் படபடவென்று அடித்து ஓய்ந்தது. குழாய் நிரம்பினால் ஓய்ந்துவிட வேண்டும். கொஞ்சம் பொறுத்து ஒரு டிக் கேட்டது. இன்னும் கொஞ்சம் பொறுத்து இன்னொரு டிக். எங்கேயோ அழுத்தம் கசிகிறது என்று அர்த்தம். வாசம் வருதா என்று கேட்டேன். இல்லை என்றாள். நன்றாகப் பார் என்றேன். இல்லையென்றால் இல்லைதானே என்று எரிந்து விழுந்தாள். சரி, பம்பின் வால்வு தேய்ந்திருக்கும், வயசானால் எனக்குந்தான் நடுநடுவே விக்கல் வருகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அவள் மூக்கைச் சந்தேகப்படலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை நாள் நன்றாக இருந்தது. தேங்காய் உடைத்துக் காரை வெளியே எடுத்து, கோயில் வரைக்கும் ஒரு வெள்ளோட்டம் பார்ப்பது என்று முடிவு செய்தோம். மகள் முதல் நாள்தான் லீவில் வந்திருந்தாள். காலையில் நான் பம்பை அடிக்க விட்டுவிட்டுக் காரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி தட்டில் கற்பூரம் வைத்து, நெருப்புப் பெட்டியைக் கையில் எடுத்திருந்தாள். மகள் தேத்தண்ணிக் கோப்பையோடு ஸ்டோருக்குள் வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“அம்மா, பத்த வைக்காதீங்க. பெட்ரோல் நாறுது.”

நான் சாவியைப் பிடுங்கிவிட்டுக் காருக்கடியில் படுத்தேன். இரும்புத் தட்டைக் கழற்றி வெள்ளைத் துணியை உள்ளே விட்டுத் துடைத்தேன். துணி நனைந்து வந்தது. அந்தச் சாண் நீள ஹோஸ் வேர்த்துக்கொண்டிருந்தது. நூல் பின்னலுக்கடியில் எப்போது வெடித்ததோ தெரியாது.

எனக்குக் கோபம் வந்தால் கண் மண் தெரியாது. பெற்ற பிள்ளையை எரிக்கப் பார்த்தாயே என்று கத்தினேன். காரைப் பிடிக்காவிட்டால் நேரே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே, மோந்து பார்க்காமலே பார்த்ததாகச் சொன்னாயா என்றெல்லாம் கேட்டேன். நான் ஒன்று சொன்னால் ஒன்பது சொல்கிறவள். தட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

மகள் என்ன நினைத்தாளோ, உள்ளே போய் ஒரு துணியை நனைத்து எடுத்துவந்தாள். அதை அம்மாவின் மூக்குக்கு நேரே பிடித்து, இப்போது வருகிறதா என்று கேட்டாள்.

“ஆமா. லேசா வருது” என்றாள் என் மனைவி.

மகள் அந்தத் துணியை என் கையில் கொடுத்தாள். என் மூக்குக்குத் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தெரியும். வெறும் தண்ணீர்.

கொரோனா சமயத்தில் வீட்டில் எல்லாருக்கும் காய்ச்சல் வந்தது. அப்போது போன வாசம் அவளுக்குத் திரும்பவே இல்லையாம். நாக்குக்கு உப்பு, புளி, காரம் தெரிகிறது. அதை வைத்துக்கொண்டு சமாளித்திருக்கிறாள். தாளிப்பதைச் சத்தத்தை வைத்து, வெங்காயத்தை நிறத்தை வைத்து. பால் கொதிக்கும்போது அடுப்பைவிட்டு அசைய மாட்டாள். அதை நான் பொறுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுப்பது நின்றதை, வயசுக்கு வந்த அடக்கம் என்று நினைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இவள் நாலு வருடத்துக்கு மேல் மறைத்திருக்கிறாள், அதுவும் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே. தின்றவனுக்கு மூக்கு இருந்தால்தானே கண்டுபிடிக்க.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். இந்தத் தடவை கத்தவில்லை.

“ஒங்களுக்குத்தான் ஏற்கெனவே இல்ல. எனக்கும் இல்லேன்னா இந்த வீட்ல யாருங்க இருக்கா? கேஸ் அடுப்பு இருக்கு, ஒங்க காரு இருக்கு. பயமா இருந்துச்சு. நாளைக்குத் திரும்பிரும், நாளைக்குத் திரும்பிரும்னு இருந்துட்டேன்.”

காரில் வாசம் வருதா என்று நான் கேட்கும்போதெல்லாம் நாலு தடவை மூச்சை இழுத்துப் பார்ப்பாளாம். ஒன்றும் தெரியாதபோது ஒன்றும் இல்லை என்றுதானே அர்த்தம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாளாம். எனக்கு அழுகை வந்தது. கத்தினதை நினைத்துப் பாதி, அவள் தனியாக அந்த அடுப்படியில் பயந்துகொண்டு நின்றதை நினைத்துப் பாதி. மகள்தான் எங்கள் இரண்டு பேரையும் உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

மனைவி ஒன்றே ஒன்று கேட்டாள். கல்யாணம் முடிகிறவரை வெளியே யாருக்கும் தெரியக் கூடாது. முக்கியமாக அரநாயக்கவில் இருக்கிற அவளுடைய தம்பி வீட்டுக்கு. கல்யாணச் சமையலுக்கு மேல்பார்வை அவள்தான். சாம்பாரை மோந்து பார்த்து உப்பு சொல்கிறவள் என்று சொந்தத்தில் அவளுக்கு ஒரு பேர். அந்தப் பேரோடு மகளுக்குச் சமைத்துப் போட வேண்டும் என்பது அவள் ஆசை. சரி என்றோம்.

மறுநாள் வரக்காப்பொலவுக்குப் போனேன். கண்டி ரோட்டில் நானா என்று எல்லாரும் கூப்பிடுகிற ஒரு முஸ்லிம் அண்ணனின் ஸ்பெயார் பார்ட்ஸ் கடை இருக்கிறது. ஒரு சாண் ஹோஸ் வெட்டச் சொன்னேன். எதற்கு என்று கேட்டார். மகள் கல்யாணத்துக்கு என்றதும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். யானையை வாங்கியவன் அங்குசத்துக்கு யோசிக்கலாமா, எல்லாவற்றையும் மாற்றுங்கள் என்று முழுக்காருக்கும் போகிற அளவு வெட்டிக் கொடுத்தார். கிளிப்புகளையும் புதிதாகவே போடச் சொன்னார். வீட்டுக்கு வந்து ஒரு ஹோஸ் விடாமல் மாற்றினேன். நன்றாயிருந்ததையும் மாற்றினேன்.

மாற்றிய பிறகு ஒழுக்கு இல்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது? மகள் மோந்து பார்த்துவிட்டுச் சரி என்றாள். ஆனால் அவள் இன்னும் கொஞ்ச நாளில் இந்த வீட்டில் இருக்கப்போவதில்லை. என் மனைவி சாமியறைக்குப் போய் விபூதிப் பையை எடுத்துவந்தாள். ஒவ்வொரு இணைப்பிலும் காய்ந்த விபூதியைத் தூவச் சொன்னாள். ஈரம் பட்டால் கறுத்துவிடும், கண்ணுக்குத் தெரியும் என்றாள். முப்பது வருடம் பெக்டரியில் குப்பை கொட்டிய எனக்கு அது தோன்றவில்லை. பம்பை அடிக்கவிட்டுக் காத்திருந்தோம். கார் முழுக்கப் பழனி ஆண்டி மாதிரி நின்றது. எங்கும் கறுக்கவில்லை.

இருந்தாலும் எனக்கு மனம் துணியவில்லை. வானிலேயே போவோம் என்று சொன்னேன். மகள் முகம் வாடிவிட்டது. மனைவிதான் குறுக்கே வந்தாள். பிள்ளை ஆசைப்பட்டுவிட்டது, காரிலேயே போகட்டும், ஆனால் அன்றைக்குக் காலையில் தான் சொல்கிறபடி செய்ய வேண்டும் என்றாள். என்ன செய்ய வேண்டும் என்று அப்போது சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாப்பாடு அமர்க்களம். சாம்பாரைப் பற்றிச் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் பேசுகிறார்கள். அரநாயக்க மைத்துனர் கையை முகர்ந்து முகர்ந்து, அக்கா கைப்பக்குவம் அக்கா கைப்பக்குவம் என்று ஊருக்கெல்லாம் கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தார். என் மனைவி சிரித்தாள். நான் மகளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள்.

விடிந்ததும் காரை வாசலில் நிறுத்தினேன். டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. தேங்காய் தயாராக இருந்தது. மகளை மணையில் உட்காரவைத்து மைத்துனர் தாய்மாமன் மாலையைப் போட்டார். ரோஜாவும் மல்லிகையும் கனக்கக் கட்டிய மாலை. பெண் வெளியே வந்தாள். சுற்றி நின்ற பெண்கள் குலவையிட்டார்கள். கற்பூரத் தட்டோடு நின்ற மனைவி, கொளுத்தாமல் மகளைக் கூப்பிட்டாள். முன்னாலும் பின்னாலும் குனிந்து மோந்து பார்க்கச் சொன்னாள். கல்யாணப் பெண் பட்டுச் சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு காரின் பின்பக்கம் குனிந்ததைக் கண்டு சனங்கள் சிரித்தார்கள். பியூட்டிஷியன் பிள்ளை கொண்டையைப் பிடித்துக்கொண்டு சிங்களத்தில் என்னவோ கெஞ்சியது.

மகள் நிமிர்ந்தாள். பூ வாசம்தான் வருகிறது, வேறொன்றும் தெரியவில்லை என்றாள்.

மாலையைக் கழற்றிவிட்டுப் பார் என்றாள் என் மனைவி.

தாய்மாமன் போட்ட மாலையைத் தாலி ஏறுமுன் கழற்றுவது எங்கள் பக்கம் கேள்விப்படாத விஷயம். மைத்துனருக்கு முகம் மாறியது. அவருடைய மாலைக்கு நேர்ந்த அவமானம் அது. ஆனாலும் அக்காவிடம் கோபத்தைக் காட்டாமல் தன்மையாகத்தான் சொன்னார்.

“ஏன்க்கா, புள்ளய எதுக்குக் கழட்டச் சொல்ற? நீயே குனிஞ்சு மோந்து பாத்துரு. ஒன் மூக்குக்குத் தப்புமா?”

எல்லாரும் அவளைத்தான் பார்த்தார்கள். ஒருமுறை குனிந்து எழுந்து இல்லை என்று சொல்லியிருந்தால் போதும். கார் நன்றாகத்தான் இருந்தது. எனக்கே தெரியும். குனிந்துவிடு, விட்டுவிடு என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன்.

“எனக்கு மூக்கு போயி நாலு வருசமாச்சுடா” என்றாள். “பூ வாசமும் தெரியாது, பெட்ரோல் வாசமும் தெரியாது. நேத்து நீ தின்ன சாம்பாரும் அப்படித்தான் வச்சேன். புள்ள மாலையக் கழட்டட்டும்.”

சமையலுக்கு உதவியாக நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மைத்துனரே வந்து மருமகளின் கழுத்திலிருந்து மாலையைக் கழற்றி, அக்காவின் தோளில் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றார்.

மகள் மறுபடி குனிந்தாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. என்ஜின் பக்கம் பார்த்தாள், டேங்க் பக்கம் பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக மூச்சை இழுத்தாள்.

“ஒண்ணும் இல்லம்மா.”

“நெசமா?”

“நெசமா.”

என் மனைவி தன் தோளில் கிடந்த மாலையை எடுத்து மகள் கழுத்தில் போட்டு, கொண்டையில் சிக்கிய பூவை எடுத்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் கற்பூரம் கொளுத்தினாள்.